ரெசினில் அச்சிட்ட பைக் பாகம் நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பழைய ஹோண்டா சூப்பர் ஃபோர் இருக்கிறது. அதன் இடப்பக்க மூடி உடைந்துவிட்டது. தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. வீட்டில் ரெசின் பிரின்டர் (ஒளிபட்டால் இறுகும் ரெசின் என்ற திரவத்தை அடுக்கடுக்காக இறுக்கிப் பொருளாக்கும் முப்பரிமாண அச்சுக் கருவி) இருப்பதால் அந்த மூடியையும், முன்விளக்குக்கு மேல் ஒரு சிறு காற்றுத்தடுப்பையும், அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு தாங்கிகளையும், முடிந்தால் பின்விளக்கின் சிவப்புக் கூட்டையும் அச்சிட எண்ணியிருக்கிறீர்கள். பைக் சிங்கப்பூரின் ஈசூனில் திறந்தவெளி கார் நிறுத்துமிடத்தில் நாள் முழுவதும் நிற்கிறது. ஆகவே எந்த கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) அடித்தால் வெயில் தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பூச்சைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தப் பாகம் எவ்வளவு காலம் வடிவம் கெடாமல், உடையாமல் இருக்கும் என்பதைத்தான். அந்த வரிசையில் பூச்சு மூன்றாவதாகத்தான் வருகிறது. முதலாவது வெப்பம், இரண்டாவது முறிவு.

நான் பாலிடெக்னிக்கில் பாலிமர் படித்தவன். பிறகு மாதிரிப் பொருள்கள் செய்யும் ஒரு பணிமனையில் 15 ஆண்டுகளுக்கு மேல் வார்ப்பையும் பூச்சையும் கவனித்துவந்தேன். மோட்டார் சைக்கிளின் கட்டமைப்பு என் துறை அன்று. அதனால் பாரம் தாங்கும் பாகங்களைப் பற்றி இங்கே நான் சொல்பவை எச்சரிக்கைகள் மட்டுமே, வடிவமைப்புக் கணக்குகள் அல்ல.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன். ரெசினின் தரவுத்தாளில் வெப்பத் திரிபு வெப்பநிலை என்று ஓர் எண் இருக்கும். ஒரு சிறு பட்டையின் மீது 0.45 மெகாபாஸ்கல் அழுத்தம் விழும்படி எடை வைத்து, மெல்லச் சூடேற்றிக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அது குறிப்பிட்ட அளவு வளைகிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. வீட்டு பிரின்டர்களுக்கு விற்கப்படும் சாதாரண ரெசின்களிலும், 'ஏபிஎஸ் போன்றது' என்ற பெயரில் வருபவற்றிலும் இது பெரும்பாலும் 50 முதல் 65 பாகை செல்சியசுக்குள் அடங்கிவிடும். உங்கள் பைக்கோடு வந்த மூடி உண்மையான ஏபிஎஸ்ஸில், அதாவது வாகனப் பாகங்களுக்குப் பயன்படும் அந்த உறுதியான நெகிழியில், வார்த்ததென்றால் அதற்கு இந்த எண் 85 முதல் 100 வரை இருக்கும். 'ஏபிஎஸ் போன்றது' என்பது சற்று வளைந்துகொடுக்கும் என்பதைச் சொல்ல வந்த விற்பனைப் பெயர். வேதியியலில் அதற்கும் ஏபிஎஸ்ஸுக்கும் உறவில்லை. வெப்பம் தாங்குவதிலும் இல்லை.

சிங்கப்பூரில் மதிய நேரக் காற்றின் வெப்பநிலை 32, 33 பாகைதானே, பதிவான உச்சமே 37 பாகைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அது நிழலில் அளக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை. நேரடி வெயிலில் நிற்கும் கறுப்பு டேங்கின் மீது மதியம் 2 மணிக்கு அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினால் 60ஐத் தாண்டுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பக்க மூடிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உட்லண்ட்சிலிருந்து விரைவுச்சாலையில் வந்து நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடுகிறது, எஞ்சின் சூடு மேலெழுந்து மூடியின் உட்புறத்தில் தங்குகிறது. வெளியே வெயில், உள்ளே எஞ்சின் என்று இரு பக்கமும் வெந்தால் 60 பாகை ரெசின் என்ன செய்யும்?

அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த பைக்குக்கு ஒரு முன்விளக்கு மூடியைக் கறுப்பு நிற 'ஏபிஎஸ் போன்ற' ரெசினில் அச்சிட்டு, பணிமனையிலேயே நல்ல இரட்டைக்கூறு (ஹார்டனர் கலந்து இறுகும்) கிளியர் அடித்து மாட்டினேன். ஆறு வாரத்தில் அது வாடிய வாழையிலைபோல முன்பக்கம் தொங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை; கண்ணாடிபோலப் பளபளத்தது. பூச்சு ஒளியைத் தடுக்கும், நீரைத் தடுக்கும், பெட்ரோலைத் தடுக்கும். அடியில் இருக்கும் பொருள் இளகுவதை அதனால் தடுக்க முடியாது.

அப்படியானால் உயர்வெப்ப ரெசினை வாங்கிவிடலாமே என்று தோன்றும். 200 பாகைக்கு மேல் தாங்கும் ரெசின்கள் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் மூலக்கூறு வலை மிக நெருக்கமாகப் பின்னப்பட்டிருப்பதால், அவை சூட்டில் இளகாத அதே காரணத்துக்காக அடிபட்டால் பீங்கான்போல் உடைகின்றன. கண்ணாடித் துகளோ பீங்கான் துகளோ கலந்த விறைப்பான வகைகளும் அப்படியே. மறுபக்கம், நன்றாக வளையும் ரெசின்கள் எல்லாம் குறைந்த வெப்பத்திலேயே இளகுகின்றன. சிலர் விறைப்பான ரெசினில் வளையும் ரெசினை 10, 20 சதவீதம் கலக்கிறார்கள். முறிவு குறையும், ஆனால் வெப்ப எண்ணும் கூடவே இறங்கும். நீங்கள் தேட வேண்டியது வெப்பத் திரிபு 80 பாகைக்கு மேலும் முறியும்போது நீட்சி (உடையுமுன் எவ்வளவு நீளும் என்பது) 10 சதவீதத்துக்கு மேலும் உள்ள பொறியியல் ரெசின். இரண்டும் ஒரே புட்டியில் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் சாதாரண ரெசினின் விலையைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். தரவுத்தாளைப் படிக்கும்போது எண்ணுக்கு அருகில் ஒரு சிறு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். 60 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஒளியூட்டிய (அச்சிட்ட பாகத்தை ஒளியில் வைத்து மேலும் இறுக்கிய) பிறகு கிடைத்த அளவு என்று அடியில் எழுதியிருப்பார்கள். நீங்கள் அறை வெப்பத்தில் பத்து நிமிடம் மட்டும் ஒளி காட்டினால் அந்த எண் உங்களுக்குரியது ஆகாது.

தண்ணீரில் கழுவும் ரெசினை மட்டும் வாங்கவே வேண்டாம். நீரோடு எளிதில் கலக்கும்படி செய்யப்பட்டிருப்பதால் அது இறுகிய பின்னும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அது உப்பி, காய்ந்து, மறுபடியும் உப்பி, கடைசியில் வெடித்துவிடும்.

இப்போது வெயிலின் ஒளி. உங்கள் பிரின்டர் 405 நானோமீட்டர் ஒளியில் ரெசினை இறுக்குகிறது. தரையை அடையும் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் ஏறக்குறைய 295 முதல் 400 நானோமீட்டர் வரையிலானவை. இவற்றுக்கு ஆற்றல் இன்னும் அதிகம். அச்சிட்ட பாகத்துக்குள் வினைபுரியாமல் மிஞ்சிய இணைப்புகளும், ஒளிபட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருளின் மிச்சமும் எப்போதும் இருக்கும். வெயில் அந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறது. முதலில் மேற்பரப்பு மஞ்சளாகிறது, சற்றுச் சுருங்குகிறது, விறைக்கிறது. அடுத்து அதே கதிர்கள் கட்டிய வலையையே அறுக்கத் தொடங்குகின்றன. மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள்போல் உதிர்கிறது, நுண்விரிசல்கள் விழுகின்றன. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகை வடக்கே இருப்பதால், வானம் தெளிவாக உள்ள நாளில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவதும் தாண்டுவதும் இங்கே வழக்கம். அந்தக் குறியீட்டில் 11ம் அதற்கு மேலும் இருப்பதுதான் உச்சப் படி. குளிர்நாட்டில் இருந்துகொண்டு 'என் பாகம் இரண்டு ஆண்டாக வெளியே நிற்கிறது' என்று ஒருவர் காட்டும் படத்தை நம்பி இங்கே கணக்குப் போடக் கூடாது.

முறிவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெட்டுத்தடம் இட்ட பட்டையைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் சோதனையில், சாதாரண ரெசின் மீட்டருக்கு 20 ஜூல் அளவில் உடைந்துவிடுகிறது. வார்த்த ஏபிஎஸ் 200ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. ஆகவே கூரான உள்மூலைகளை வைக்காமல் குறைந்தது 2, 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்துவிடுங்கள். சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். சூட்டில் பதிக்கும் பித்தளைத் திருகுக்குழல்கள், நெகிழி இழையை உருக்கி அச்சிடும் இழைப் பிரின்டரின் நெகிழிக்கு உரியவை. ரெசின் உருகாது, கருகும், விரிசல் விடும். பித்தளைக் குழலை எப்பாக்சிப் பசையால் ஒட்டுங்கள், அல்லது நட்டு உட்காரக் குழி விட்டு அச்சிடுங்கள். போல்ட் இறுக்கும் விசை ரெசின் மீது விழாதபடி ஓர் உலோகக் குழாய்த் துண்டை ஓட்டைக்குள் வையுங்கள். அதைச் சுற்றி ரப்பர் வளையம் போடுங்கள். ஓட்டைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சற்று நீள்வட்டமாக விடுவதும் அவசியம். ரெசின் அலுமினியத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு விரிவடையும். 200 மில்லிமீட்டர் நீள மூடி 40 பாகை சூடேறினால் அதற்கும் அலுமினியத்துக்கும் இடையில் அரை மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். இடம் விடாவிட்டால் அந்த அரை மில்லிமீட்டர் விரிசலாக வெளிப்படும்.

கழுவலும் ஒளியூட்டலும்தான் வீட்டில் செய்பவர்கள் அதிகம் தவறும் இடம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரு முறை கழுவுங்கள், இரண்டாவது தொட்டி புதிதாக இருக்கட்டும். கழுவியபின் உடனே ஒளியில் வைக்காதீர்கள். ரெசின் ஆல்கஹாலைக் கொஞ்சம் உறிஞ்சியிருக்கும். அது வெளியேறுமுன் மேற்பரப்பை இறுக்கினால் பின்னாளில் பூச்சுக்கு அடியில் கொப்புளம் எழும். நான் ஓர் இரவு விசிறிக்கு முன்னால் வைத்துவிடுவேன். எடை குறைக்க உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிடுவதைப் பைக் பாகத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே தங்கிய திரவ ரெசின் சுவரை மெல்ல அரிக்கும். வெயிலில் சூடேறி விரியும். சில மாதம் கழித்து ஒருநாள் பாகம் தானாகப் பிளந்து, பிசுபிசுப்பான திரவம் வழியும். பூச்சில் குறை என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்த பாகங்களில் இத்தகையவற்றை நான் பார்த்திருக்கிறேன். அதிக நேரம் ஒளியூட்டினால் நல்லது என்பதும் சரியன்று. உற்பத்தியாளர் சொன்ன நேரத்துக்கு மேல் போனால் விறைப்பு கூடி முறிவும் கூடும்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்ட பூச்சு. கிளியர் கோட்டை மட்டும் நம்பாதீர்கள் என்பதே என் விடை. கிளியர் என்பது ஒளி ஊடுருவும் படலம். அதில் கலந்த புற ஊதா உறிஞ்சிகள்தாம் கதிரைத் தடுக்கின்றன, அவையும் காலப்போக்கில் தேய்கின்றன. அதற்கு அடியில் ஒளிபுகாத நிறப்பூச்சு ஒன்று இருந்தால் டைட்டானியம் டைஆக்சைடோ கரிக்கறுப்போ கதிரை ரெசினிடம் போகவே விடாது. கறுப்பு கதிரை மிக நன்றாகத் தடுக்கும், ஆனால் பாகத்தைச் சூடேற்றும். அதனால் மேலே தெரியும் நிறம் வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ வெள்ளியாகவோ இருக்கட்டும். அழகுக்குக் கறுப்புதான் வேண்டும் என்றால், முன்னே சொன்ன 80 பாகை என்ற எண்ணில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: 220 எண் உப்புத்தாளில் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து 400க்குப் போங்கள், தூசியைத் துடைத்து, இரட்டைக்கூறு எப்பாக்சி பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள், அது இறுகியபின் 600இல் தேய்த்து நிறம், அதற்கு மேல் ஹார்டனர் கலந்த அக்ரிலிக் யூரித்தேன் கிளியர் இரண்டு கை. எப்பாக்சி நன்றாக ஒட்டும், ஆனால் அதன் மூலக்கூறில் உள்ள பென்சீன் வகை வளையங்கள் புற ஊதாவை உறிஞ்சிச் சிதைவதால் வெயிலில் சுண்ணாம்பாகிவிடும். அதை வெளியே தெரியும்படி விட்டுவிடக் கூடாது. பம்பருக்கு என்று விற்கும் ஒட்டுதல் ஊக்கி உங்களுக்குத் தேவையில்லை. அது பாலிபுரோப்பிலீன் போன்ற வழுக்கும் நெகிழிக்காகச் செய்தது. ரெசினுக்கு உப்புத்தாளின் கீறலே போதும். மூடியின் பின்புறம், விளிம்பு, ஓட்டையின் உட்சுவர் எல்லாவற்றையும் மறக்காமல் பூசுங்கள். ஒருபக்கம் மட்டும் பூசிய தகடு ஈரத்தை மறுபக்கத்தில் மட்டும் இழுத்துக் கோணும்.

ஹார்டனர் இல்லாத சாதாரண ஸ்பிரே டின்களின் கிளியரை டேங்குக்கு அருகில் உள்ள பாகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் ஒரு துளி சிந்தினாலே அது குழைந்து கையோடு வரும். அடியில் குமிழை அழுத்தினால் ஹார்டனர் கலக்கும் டின்கள் கிடைக்கின்றன. கலந்தபின் ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆனால் யூரித்தேன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலில் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவுகூடப் போதும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் தாழ்வாரத்தில் துணி முகக்கவசம் போட்டுக்கொண்டு அதை அடிப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. தேய்ப்பதையும் பிரைமருக்கு முந்திய வேலைகளையும் நீங்கள் செய்துகொண்டு, பூச்சுக்கு மட்டும் ஒரு ஸ்பிரே பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது இது ரெசின், சூட்டறையில் வைக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கார்ப் பட்டறைகளில் 60 முதல் 80 பாகையில் உலர்த்துவது வழக்கம். சொல்லாவிட்டால் உங்கள் மூடி அங்கேயே வளைந்து திரும்பி வரும். 180 பாகைக்கு மேல் சுடும் பவுடர் கோட்டிங் இங்கே பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவும் சொன்னபின் உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பக்க மூடியை நீங்கள் ரெசினில் அச்சிடுங்கள், ஆனால் அதைப் பைக்கில் மாட்டாதீர்கள். அதை மூலமாதிரியாக வைத்து அச்சு எடுத்து, கண்ணாடி இழையில் மூடியை வார்த்துக்கொள்ளுங்கள். ரெசின் பிரின்டரின் நுட்பமான மேற்பரப்பு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். சிலிக்கோனில் அச்சு எடுப்பதானால் பிளாட்டினம் வகை சிலிக்கோன், முழுமையாக இறுகாத ரெசினைத் தொட்ட இடத்தில் கெட்டியாகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மாதிரிக்குப் பூச்சுக் கொடுத்துவிடுங்கள், அல்லது டின் வகை சிலிக்கோனை எடுங்கள். கண்ணாடி இழை வேலை பிடிக்காது என்றால், இழைப் பிரின்டர் வைத்திருக்கும் நண்பரிடம் ஏஎஸ்ஏ இழையில் அச்சிட்டு வாங்குங்கள். ஏபிஎஸ்ஸின் பியூட்டாடையீன் ரப்பர் வெயிலில் கெடுகிறது என்பதற்காகவே அதற்குப் பதிலாக அக்ரிலேட் ரப்பர் சேர்த்து உருவாக்கப்பட்ட பொருள் அது. கோடுகள் தெரியும், தேய்க்க வேண்டும், ஆனால் நிற்கும்.

காற்றுத்தடுப்பை நல்ல பொறியியல் ரெசினில் அச்சிட்டு, மேலே சொன்னபடி வெளிர்நிறம் பூசி மாட்டலாம். அது எஞ்சினுக்குத் தூரம், காற்று படும் இடம். அதன் தாங்கிகளை அலுமினியத் தகட்டில் வெட்டி வளையுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது காற்றும் அதிர்வும் விடாமல் உலுக்கும் அந்த இரு சிறு துண்டுகளில் ரெசினை நம்புவது சரியன்று. கழன்று விழுந்தால் பின்னால் வருபவரின் முகத்தில்தான் படும். பிரேக், கைப்பிடி, கால்மிதி ஆகியவற்றைச் சேர்ந்த எதையும் அச்சிடாதீர்கள் என்பதை நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். பின்விளக்குக் கூடு வேண்டாம். தெளிவான ரெசின் இங்கே விரைவில் மஞ்சளாகும், சிவப்புச் சாயமும் வெளுக்கும். விளக்கு தொடர்பான மாற்றங்களில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளும் குறுக்கிடும். பழைய பைக்குகளிலிருந்து கழற்றிய கூடு கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள்.

எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். தரவுத்தாளின் எண்கள் ஆய்வகத்தில் சிறு பட்டைகளில் சில நிமிடங்களில் அளந்தவை. அவற்றிலிருந்து ஆண்டுக்கணக்கை யாராலும் கணித்துத் தர முடியாது. அதைவிட நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. நீங்கள் வாங்கும் ரெசினில் 100 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமனில் ஆறு பட்டைகள் அச்சிடுங்கள். மூன்றுக்குப் பூசுங்கள், மூன்றை அப்படியே விடுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அலமாரிக்குள் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பைக்கின் பின்பக்கக் கம்பியில் வெயில் படும்படி கட்டுங்கள். இரண்டு மாதம் கழித்து அவிழ்த்து, அலமாரியில் இருந்ததோடு சேர்த்து வளைத்துப் பாருங்கள். பூசியவற்றின் மேல் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறி, ஒட்டுநாடாவை அழுத்திப் பிடுங்குங்கள். சதுரங்கள் நாடாவோடு வந்தால் தேய்ப்பிலோ கழுவலிலோ குறை இருக்கிறது. காற்றுத்தடுப்பை மாட்டியபின் மாதம் ஒருமுறை போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மட்டும் உற்றுப் பாருங்கள். விரிசல் அங்கேதான் முதலில் தொடங்கும், முடியிழைபோல, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.